இரண்டாம் நாள் யார் வீட்டுக்கும் போகாதீர்கள்

ஜனவரி, பிப்ரவரியில் சரக்கு விஷயமாகச் சீனாவுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீனப் புத்தாண்டு சமயத்தில் அங்கே எல்லாம் மூடிவிடும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் எந்த ஊரில் எப்போது மூடுவார்கள், எப்போது திறப்பார்கள், எந்த நாளில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம், எந்த நாளில் வாசலை மிதிக்கவே கூடாது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 2024-இல் ஃபூஜியன் மாகாணத்தில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டு, காசையும் தூக்கத்தையும் இழந்த பிறகுதான் தெரிந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பர்சேஸ் பார்க்கிறேன். ஐரோப்பிய பையர் ஒருவரின் ஆர்டருக்கு ஷூவின் மேல்பாகமான அப்பர் முழுவதையும் இங்கேயே தைத்துவிட்டு, சோல் மட்டும் ஜின்ஜியாங்கில் போடுவதாக ஏற்பாடு. ஜின்ஜியாங், குவான்சோ நகரத்தைச் சேர்ந்த ஊர். சீனாவில் ஸ்போர்ட்ஸ் ஷூ என்றாலே அந்தப் பக்கம்தான். 18,000 ஜோடி, ஜோடிக்கு 14 யுவான், 30 சதவீதம் அட்வான்ஸ், அதாவது 75,600 யுவான் கட்டியாகிவிட்டது. சோலை வார்க்கிற அச்சு, அதாவது மோல்டு, எங்களுடையது, அதற்குத் தனியாக 6 லட்சம் ரூபாய். பிப்ரவரி 5-க்குள் கன்டெய்னர் ஏற்றிவிடுவதாகப் பேச்சு. அந்த வருடம் புத்தாண்டு பிப்ரவரி 10, அரசு விடுமுறை 10 முதல் 17 வரை. ஐந்து நாள் இடைவெளி இருக்கிறதே, போதும் என்றார் எங்கள் கம்பெனி முதலாளி பாய். குவாங்சோவில் (குவான்சோ இல்லை, இது குவாங்டாங் மாகாணத்தில் இருக்கிற வேறு ஊர்) இருக்கிற எங்கள் ஏஜென்டும் அதையேதான் சொன்னார். அவர் குவாங்டாங் மாகாணத்துக்காரர், சீனர், இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் சொன்னால் மறுபேச்சு எதற்கு?

ஜனவரி 26 அன்று ஜின்ஜியாங் தொழிற்சாலையில் பெரிய விருந்து. வட்ட மேசைகள், குலுக்கல் பரிசு, முதலாளி ஒவ்வொரு மேசையாகப் போய் எல்லாரோடும் குடிக்கிறார். என்னையும் உட்கார வைத்தார்கள். அதற்குப் பெயர் வெய்யா. சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் 16-ஆம் தேதி வரும். மாதம் இரண்டு முறை, 2-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும், வியாபாரிகள் பூமி தெய்வத்துக்குப் படைப்பது ஃபூஜியன் பக்கத்து வழக்கம். வருடத்தின் கடைசிப் படையல் இது, தொழிலாளிகளுக்கு முதலாளி போடும் சாப்பாடு. முன்காலத்தில் முழுக்கோழியை மேசையில் வைக்கும்போது அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தமாம். எங்கள் மேசையில் கோழித்தலையை முதலாளி தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார், எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அந்தக் கைதட்டலின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் பாதி மெஷின் ஓடவில்லை. வாசலில் சக்கரம் வைத்த பெட்டிகள், நைலான் மூட்டைகள், குழந்தைகளுக்கு வாங்கிய பொம்மைகள். தொழிலாளிகளில் பெரும்பாலோர் குயிசோ, ஜியாங்ஷி, சிச்சுவான் பக்கத்தவர்கள். பண்டிகைப் பயணக் காலம் என்று அரசாங்கம் அறிவிக்கிற 40 நாளும் அந்த வருடம் அதே ஜனவரி 26-இல்தான் தொடங்கியது. முதலாளி வாயால் சொல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தில் வெய்யா முடிந்தால் வருடம் முடிந்த மாதிரிதான். எங்கள் சோலில் 8,000 ஜோடி கூட ஆகியிருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டால், “பண்டிகை முடியட்டும்” என்கிறார். ஏஜென்டுக்கு ஃபோன் போட்டால், “எங்கள் பக்கம் இவ்வளவு சீக்கிரம் கிளம்ப மாட்டார்களே” என்று அவரே ஆச்சரியப்படுகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபூஜியனில் ஆர்டர் போடுகிறீர்கள் என்றால் அரசு விடுமுறைத் தேதியைக் கணக்கில் வைக்காதீர்கள். “உங்கள் வெய்யா விருந்து என்றைக்கு?” என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, “உங்கள் ஆட்கள் எந்த மாகாணம்?” உள்ளூர் ஆட்கள் என்றால் கடைசி வாரம் வரை வேலை நடக்கலாம். இரண்டு நாள் பயண தூரத்து ஆட்கள் என்றால் வெய்யாவுக்கு மறுநாளையே கடைசி நாளாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் சரக்கு முடிய வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2024-இல் புத்தாண்டுக்கு முழுதாக இரண்டு வாரம் முன்பே எனக்கு லைன் நின்றுவிட்டது.

சரி, சரக்கு வராது, மோல்டையாவது பத்திரப்படுத்து என்றார் பாய். அப்போதுதான் தெரிந்தது, மோல்டில் பாதி ஜின்ஜியாங்கிலேயே இல்லை. அவசரத்துக்கு ஒரு பகுதி வேலையை பூதியானில் வேறு யூனிட்டுக்கு உள் ஆர்டராகக் கொடுத்திருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஜின்ஜியாங் முதலாளி கைவிரித்துவிட்டார். பூதியான் பக்கத்து நகரம், அதிவேக ரயிலில் அரை மணி நேரச் சொச்சம். சாதாரண நாளில் ஒரு விஷயமே இல்லை. பண்டிகைக் கூட்டத்தில் ரயில் டிக்கெட் ஆப்பைத் திறந்து திறந்து மூடி, கடைசியில் நின்றுகொண்டு போகிற டிக்கெட்தான் கிடைத்தது. பாஸ்போர்ட்டை வைத்து ஆப்பில் பதிவு செய்வதற்குச் சரிபார்ப்பு முடிய நேரம் ஆகும், அதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டிக்கெட் பொதுவாக 15 நாள் முன்னால்தான் திறக்கும். பண்டிகை நேரத்தில் திறந்த நிமிடத்தில் உட்கார்ந்தால்தான் உண்டு.

பூதியானில் இறங்கியது பிப்ரவரி 8. முதல் இரண்டு லாட்ஜிலும் வெளிநாட்டுக்காரருக்கு ரூம் இல்லை என்று கைகாட்டிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு நடுத்தர ஹோட்டலில் கிடைத்தது, பண்டிகை ரேட்டில், வழக்கமான வாடகைக்கு இரண்டு மடங்கு. யூனிட் முதலாளி ஃபோனை எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கதவு பூட்டியாகிவிட்டது, சாவி என்னிடம்தான், பண்டிகை கழிந்து பார்ப்போம் என்றார். இந்தியாவுக்கு நேர் விமானம் அப்போது கிடையாது. சிங்கப்பூர் வழியாகப் போட்டிருந்த டிக்கெட்டைத் தேதி மாற்றக் கேட்ட தொகையைப் பார்த்து மூடி வைத்துவிட்டேன். மோல்டு இல்லாமல் கிளம்பினால் பாய்க்கு என்ன பதில் சொல்வது? இருந்துவிட்டேன்.

புத்தாண்டுக்கு முந்தின இரவுதான் அங்கே பெரிய நாள். குடும்பமே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். மதியம் இரண்டு மணிக்கே தெரு காலி. ஹோட்டல் சமையலறை பூட்டு. டெலிவரி ஆப்பில் ஒரு கடை கூடத் திறந்திருக்கவில்லை. தள்ளுவண்டியில் ஒருவர் பொரித்த பலகாரம் விற்றார், ஆனால் அவர் வைத்திருந்தது தனிநபர் கியூ ஆர். வெளிநாட்டு கார்டு இணைத்த அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் அப்போது கடைக்குப் பணம் கட்ட முடிந்தது, தனிநபருக்கு அனுப்ப முடியவில்லை. என்னிடம் இருந்ததோ நூறு யுவான் தாள். அவரிடம் சில்லறை இல்லை. பசியை விட அந்த நிமிடம்தான் தாங்க முடியவில்லை. ரூமுக்கு வந்து கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிவிட்டு, வெளியே வெடிச் சத்தம் கேட்கக் கேட்க அழுதுவிட்டேன். வீட்டுக்கு வீடியோ கால் போடவும் மனசு வரவில்லை, முகத்தைப் பார்த்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். ஆகவே சொல்கிறேன், பத்து, இருபது யுவான் தாள்களாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சாப்பாட்டைப் பண்டிகைக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள். சங்கிலிக் கடைகளில் ஒன்றிரண்டு திறந்திருக்கும், அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹோட்டல் செக்யூரிட்டி கதவைத் தட்டினார். ஹெனான் மாகாணத்துக்காரர், டிக்கெட் கிடைக்காமல் ஊருக்குப் போகாதவர். கீழே காவல் அறையில் மாவு பிசைந்து வைத்திருந்தார், முட்டையும் ஒரு வகைப் பூண்டுத் தாளும் சேர்த்த பூரணம். வட்டமாகத் தேய்த்த மாவை உள்ளங்கையில் வைத்து, நடுவில் பூரணம் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்தில் மூடுகிறார். நான் மூடியதெல்லாம் தண்ணீரில் வாய் பிளந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் வாங்கி மறுபடி அழுத்தினார். வடக்கே நள்ளிரவில் இந்தக் கொழுக்கட்டை சாப்பிடாவிட்டால் புத்தாண்டே இல்லையாம். ஒன்றில் காசு ஒளித்து வைப்பார்கள், கடிபடுகிறவருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். “இந்த ஊரில் இதை யாரும் செய்ய மாட்டார்கள், அடுப்பு தெய்வத்தைக் கூட எங்களை விட ஒரு நாள் தள்ளித்தான் அனுப்புகிறார்கள்” என்று குறைப்பட்டார். வருடக் கடைசியில் அடுப்பு தெய்வம் வானுலகம் போய் வீட்டு நடப்பைச் சொல்லும், நல்லதாகச் சொல்லட்டும் என்று அதன் வாயில் இனிப்பு தடவுவார்கள். வடக்கில் அது பன்னிரண்டாம் மாதம் 23, தெற்கில் 24. சீனராகப் பிறந்து, சீனாவிலேயே இருந்து, அவரும் அந்த ஊரில் என்னைப் போல் அந்நியர்தான் என்று பட்டது. அந்தத் தட்டுக் கொழுக்கட்டையை நான் மறக்க மாட்டேன்.

முதல் நாள் காலை ரிசப்ஷனில் இருந்த அம்மா, உள்ளூர்க்காரர், வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டு வந்தார். மெல்லிசு நூடுல்ஸ், நீள ஆயுளுக்காக அன்று காலை பூதியானில் எல்லார் வீட்டிலும் அதுதான். கூடவே சிவப்பு மாவில் அச்சுப் பதித்த ஒட்டரிசிப் பணியாரம் இரண்டு. கொழுக்கட்டையா என்று கேட்டதற்கு, அது வடக்கத்தியர் சாப்பாடு என்றார்.

அன்று மாலை ஏஜென்ட் ஃபோன். “நாளைக்கு இரண்டாம் நாள், வருடம் திறக்கிற நாள், நல்ல நாள். ஆரஞ்சுப் பெட்டியும் நல்ல தேயிலையும் வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போ, மனசு இளகிச் சாவி கொடுத்துவிடுவார். மூன்றாம் நாள் மட்டும் போகாதே, சண்டை வரும் நாள்.” குவாங்டாங் வழக்கப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் முன்பு அதே குவாங்டாங்கில் டோங்குவானில் ஒரு புத்தாண்டு இருந்தபோது பார்த்ததும் அதுதான். 260 யுவான் கொடுத்து எல்லாம் வாங்கி, இரண்டாம் நாள் காலை பையோடு கீழே இறங்கினேன். ரிசப்ஷன் அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்றைக்கா? வேண்டவே வேண்டாம்!”

பூதியானில் இரண்டாம் நாள் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். முந்தின வருடத்தில் சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிற நாள் அது. அன்று ஒருவர் பழமும் பரிசும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் அந்த வீட்டுக்கு அமங்கலம். காரணம் நானூற்று அறுபது வருடம் பழையது. அன்று சிங்ஹுவா என்று பெயர் இருந்த அந்த ஊரைக் கடற்கொள்ளையர்கள் 1562 கடைசியில் பிடித்துச் சூறையாடினார்கள். மக்கள் மலைக்கு ஓடினார்கள். புத்தாண்டு ஒட்டித் திரும்பி வந்தவர்கள் இரண்டாம் நாள் வீடு வீடாகப் போய் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்து அழுதார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். 1563-இல் சீ ஜிகுவாங் முதலான தளபதிகளின் படை வந்து கொள்ளையரை முறியடித்தது. ஹோட்டல் வாசலில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை அந்த அம்மா காட்டினார். சீனாவில் எங்கும் கதவில் ஒட்டுகிற அதே சிவப்புத் தாள்தான், ஆனால் மேலே நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை. நான் இரண்டு நாளாக அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன், அச்சுப் பிழை என்று நினைத்தேன். துக்கத்துக்கு ஒட்டிய வெள்ளைத் தாளின் மேல் பண்டிகைக்குச் சிவப்பை ஒட்டும்போது கொஞ்சம் வெள்ளையை விட்டுவைத்த நினைவு அது. இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இதில் இன்னும் பெரிய விஷயம், அரை மணி தூரத்தில் ஜின்ஜியாங்கில் அதே இரண்டாம் நாள் மாப்பிள்ளை விருந்து. கல்யாணமான பெண்கள் கணவனோடும் குழந்தைகளோடும் தாய் வீட்டுக்கு வருகிற சந்தோஷ நாள். ஒரே மாகாணம், அடுத்தடுத்த ஊர், ஒரே தேதி. ஆகவே ஒரு சீனரிடம் கேட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். போகிற ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் கேளுங்கள். ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர், டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. எங்கள் ஏஜென்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூதியான் வழக்கம் அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூதியான் யூனிட் முதலாளி என்னை நான்காம் நாள் இரவு வீட்டுக்கு அழைத்தார். அன்றைக்கு அந்த ஊரில் மறுபடியும் ஒரு புத்தாண்டுச் சாப்பாடு. கொள்ளையரால் அந்த வருடம் நின்றுபோன விருந்தை நான்காம் நாள் வைத்துக் கொண்டாடினார்களாம், அது பெரிய புத்தாண்டு என்றே நிலைத்துவிட்டது. போவதற்கு முன், பணம் வைத்துக் கொடுக்கிற சிவப்பு உறை பற்றியும் ரிசப்ஷன் அம்மாவிடம் கேட்டேன். குவாங்டாங்கில் கல்யாணமானவர்கள் ஆகாதவர்களுக்குக் கொடுப்பார்கள், வாட்ச்மேன், கூட்டுகிறவர் என்று எல்லாருக்கும், உள்ளே ஐந்தோ பத்தோ இருபதோ யுவான். வாழ்த்துத்தான் முக்கியம், தொகை இல்லை. பூதியானில் அப்படி எல்லாருக்கும் கொடுப்பதில்லை, பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான். கொடுத்தால் நூறுக்குக் குறைந்தால் நன்றாக இருக்காது என்றார். நாலு என்ற எண் மட்டும் எங்கேயும் ஆகாது. முதலாளியின் இரண்டு குழந்தைகளுக்கும் இருநூறு இருநூறு போட்டுக் கொடுத்தேன். சாப்பாடு முடிந்து தேநீர் ஊற்றும்போது அவராகவே மோல்டுப் பேச்சை எடுத்தார். இரண்டு நாளில் ஷெட்டைத் திறந்து, எண்ணிக் கொடுத்தார். நானாக வியாபாரப் பேச்சை ஆரம்பித்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மோல்டோடு ஜின்ஜியாங் திரும்பினால் அங்கே வேறு கணக்கு. அரசு விடுமுறை 17-ஆம் தேதியோடு முடிந்தது, ஆனால் தொழிற்சாலை திறக்கவில்லை. 18-ஆம் தேதி முதல் மாதம் ஒன்பதாம் நாள், வானதெய்வத்தின் பிறந்த நாள். குவான்சோ பக்கத்து மக்களுக்குப் புத்தாண்டை விட அது பெரிசு. எட்டாம் நாள் நள்ளிரவில் வீட்டு வாசலில் உயர்ந்த மேசை போட்டு, வேரும் தோகையுமாக முழுக் கரும்பை இரண்டு பக்கமும் கட்டிப் படைக்கிறார்கள். ஒரு காலத்தில் படையெடுப்புக்குப் பயந்து கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்த நன்றியாம். விடிய விடிய வெடி. அந்தக் காத்திருப்பு நாட்களில் ஒரு நாள் குவான்சோ கையுவான் கோயிலுக்குப் போனேன். பழைய சிவன் கோயில் ஒன்றிலிருந்து வந்த தூண்கள் அங்கே நிற்கின்றன, அதில் நம் புராணச் சிற்பங்கள். 1281-இல் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்த ஊர் அது. அவ்வளவு நாளில் மனசு லேசானது அன்றைக்கு மட்டும்தான்.

முதலாளி திறந்தாலும் ஆட்கள் வர வேண்டுமே. விளக்குத் திருவிழா, முதல் மாதம் 15-ஆம் நாள், பிப்ரவரி 24. அது முடிந்துதான் குயிசோ ஆட்கள் ரயில் ஏறினார்கள். சிலர் திரும்பவே இல்லை, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். புது ஆட்கள் போட்ட முதல் லாட்டில் ஒட்டு சரியில்லாமல் நிறையத் தள்ளினேன். திறந்த முதல் வாரச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நேரில் நிற்க முடியாவிட்டால் காசு கொடுத்தாவது வெளியாளை வைத்துச் சோதனை போடுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பையர் தேதியைக் காப்பாற்ற ஒரு பகுதி சோலை விமானத்தில் அனுப்பினோம், அந்தக் கட்டணமே ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய். பாதியை ஜின்ஜியாங் தொழிற்சாலை மீதித் தொகையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது, அதுவும் மாதக்கணக்கில் பேசி. ஹோட்டல், டிக்கெட் மாற்றம், சாப்பாடு என்று கம்பெனி தராத என் கைக்காசு 85,000 ரூபாய். ஒப்பந்தத்தில் உள் ஆர்டர் கொடுக்கக் கூடாது என்றும், மோல்டு இருக்கும் இடத்தை வெய்யாவுக்கு முன் புகைப்படத்தோடு உறுதி செய்ய வேண்டும் என்றும் இப்போது இரண்டு வரி சேர்த்துவிட்டோம். ஆர்டர் போடும்போதே ஒவ்வொரு யூனிட்டிடமும் வெய்யா தேதி, ஆட்களின் மாகாணம், ஆட்கள் திரும்பும் தேதி மூன்றையும் எழுதி வாங்குகிறோம். பூதியானில் விளக்குத் திருவிழாவை முதல் மாதத்தில் கிராமத்துக்குக் கிராமம் வேறு வேறு நாளில் நடத்துகிறார்கள், அதனால் அங்கே உள்ள யூனிட் என்றால் “உங்கள் கிராமத்துக்கு எந்த நாள்?” என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.